பழைய கருவியும் புதிய வேகமும்: ஈதர்நெட் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: பழைய கருவியைப் புதிய சுவிட்சில் இணைக்கும்போது, போர்ட்டின் வேகத்தைக் கைப்பட அமைத்துப் பூட்டிவிடுவதே பாதுகாப்பானது.

உண்மை: வேகத்தை இரு முனைகளும் தாமே பேசி முடிவுசெய்யும் தானியங்கு இணக்க முறை 1995-இல் 100 மெகாபிட் ஈதர்நெட் தரத்துடன் வந்தபோது, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் சரிவர ஒத்துப்போகாததால் எழுந்த இந்த நம்பிக்கைக்கு அன்று காரணம் இருந்தது, இன்று இல்லை. இணைப்பு உயிருடன் இருப்பதைக் காட்ட, 10 மெகாபிட் கருவி ஏறத்தாழ 16 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்பும். புதிய முறையை வகுத்தவர்கள் அதே இடைவெளியில் ஒற்றைத் துடிப்புக்குப் பதிலாக 17 முதல் 33 துடிப்புகள் கொண்ட கொத்தை வைத்து, கருவியின் திறன்களை அதற்குள் பதித்தனர். பழைய கருவி அக்கொத்தை வழக்கமான துடிப்பாகவே ஏற்றுக்கொள்ள, புதிய கருவியோ எதிரிலிருந்து கொத்து வராததைக் கண்டு, வரும் சமிக்ஞையின் தன்மையைக் கொண்டே வேகத்தை அறிந்துகொள்கிறது. பழையதில் கைவைக்காமலே அதைப் புதியதோடு சேர்த்த இந்த ஏற்பாடு பெரிதும் போற்றத்தக்கது.

ஆனால் எதிர்முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் வல்லதா, மாறிமாறி மட்டுமே செய்யுமா என்னும் டூப்ளெக்ஸ் முறையைச் சமிக்ஞையிலிருந்து அறிய வழியில்லாததால், அந்நிலையில் மாறிமாறி இயங்கும் பாதி டூப்ளெக்ஸையே தரநிலை கொள்ளச் சொல்கிறது. ஒரு முனையை மட்டும் முழு டூப்ளெக்ஸ் எனப் பூட்டினால், பல கருவிகளில் துடிப்புக் கொத்து நின்றுபோக, மறுமுனை பாதி டூப்ளெக்ஸில் அமர்ந்துவிடுகிறது. விளக்கு எரியும், பிங் பதில் தரும். பெரிய கோப்பை நகலெடுக்கும்போதுதான் வேகம் சரிந்து, பாதி டூப்ளெக்ஸ் முனையில் தாமத மோதல்களும் முழு டூப்ளெக்ஸ் முனையில் சிஆர்சி எனும் தரவுச் சரிபார்ப்புப் பிழைகளும் ஏறும். கேபிளை மாற்றினாலும் இக்கோளாறு தீராது. பூட்டியே ஆகவேண்டிய கருவியானால், இரு முனைகளையும் ஒன்றுபோலப் பூட்ட வேண்டும்.

நம்பிக்கை: மெதுவான ஒரு கருவி வலையமைப்பு முழுவதையும் மெதுவாக்கிவிடும்.

உண்மை: அனைவரும் ஒரே தடத்தைப் பகிர்ந்த ஹப் காலத்தில் அது மெய், ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனி வேகத்தில் நடத்தும் சுவிட்சில் அன்று.

நம்பிக்கை: வேகம் கூடினால் கேபிளையும் மாற்ற வேண்டும்.

உண்மை: 100 மெகாபிட், கிகாபிட் இரண்டிலும் ஒரு கம்பி இணையில் நொடிக்கு 12.5 கோடி குறிகளே செல்வதால், இந்த மாற்றத்துக்குப் பெரும்பாலும் இருக்கும் கேபிளே போதும். கிகாபிட் நான்கு இணைகளையும் இரு திசைகளிலும் ஒருங்கே பயன்படுத்துகிறது. ஒரே கேபிளைப் பிரித்து இரு சாக்கெட்டுகளுக்கு இரண்டிரண்டு இணைகளாகக் கொடுத்த பழைய கட்டடங்களில் இதுவே சிக்கலாகிறது. பேச்சு முதல் இரு இணைகளிலேயே நடந்து கிகாபிட் என முடிவாகியும், மற்ற இரண்டும் இல்லாததால் இணைப்பு எழாமல் போகலாம். அங்கும் போர்ட்டைப் பூட்டாமல், அது அறிவிக்கும் திறன்களிலிருந்து கிகாபிட்டை மட்டும் நீக்கினால், இணக்கப் பேச்சு தொடர்ந்து 100 மெகாபிட் முழு டூப்ளெக்ஸ் தடையின்றிக் கிடைக்கும்.