டர்போவுக்கு முன்னால் நிற்கும் காகிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று போட்டோவையும் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி, 40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வண்டிக்காரப் பையன் ஆன்லைனில் ஒரு சிவப்புக் கோன் பில்டரை வாங்கிக்கொண்டு வந்து, "மாட்டிக் குடுங்ண்ணா, பிக்கப் எகிறும்" என்று நிற்கிறான். மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் வெறும் வேண்டாம் என்று நீ சொன்னால் அவன் அடுத்த தெருப் பட்டறையில் மாட்டிக்கொண்டு போய்விடுவான். அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. 40 லிட்டர் டேங்க் காலியாவதற்குள் மூன்றரை லட்சம் லிட்டர் காற்று அந்தப் பில்டரைத் தாண்டியிருக்கும். அது எந்த ஊர்க் காற்று? காரணம்பேட்டை கிரஷர் பக்கம் காலையில் ஒரு நடை போய்விட்டு வந்து சட்டைக் காலரைத் துடைத்துப் பார். எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் ஓடுகிற வண்டி குடிப்பது கல்பொடிதான். அதில் இருக்கும் சிலிக்கா இரும்பையே தேய்க்கும்.

டர்போ இல்லாத எஞ்சினில் இந்தப் பொடி சிலிண்டருக்குள் போய் ரிங்கையும் சுவரையும் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கும். புகை தெரியவே வருஷக்கணக்கில் ஆகும். டர்போ வண்டியில் பில்டரைத் தாண்டியதும் முதலில் எதிர்ப்படுவது கம்பிரஸர் வீல். எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும், அலுமினியம், பிளேடு நுனி நகம் போல மெல்லிசு. சின்ன எஞ்சின்களில் அது நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றுகிறது. முழு பூஸ்ட்டில் பிளேடு நுனியின் வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் தூசி மோதினால் மணல் வீசித் தேய்ப்பது போலத்தான். தூசியைவிடப் பெரிதாக ஏதாவது வந்தால் ஒரே நொடியில் கதை முடிந்தது.

எனக்கு முடிந்திருக்கிறது. இருபது வருஷம் முன்னால் ஒரு டீசல் வண்டிக்குப் பில்டர் மாற்றும்போது ஒரு வாஷர் கை நழுவியது. தரையில் தேடினேன், கிடைக்கவில்லை. எங்கேயோ உருண்டுவிட்டது என்று மூடி மாட்டி ஸ்டார்ட் செய்தேன். 'க்ரீச்' என்று ஒரு சத்தம். ஓஸைக் கழற்றிப் பார்த்தால் வீல் மென்று துப்பிய கரும்புச் சக்கை மாதிரி இருந்தது. புது டர்போவுக்கு என் கைக்காசுதான். அன்றிலிருந்து பில்டர் பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை, ஓஸ் வாயில் துணி திணிப்பது. (துணியை எடுக்க மறந்தவர்களும் உண்டு. அது நான் இல்லை.)

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் வேறு காவல் கிடையாது. விலை மலிவான கோன் பில்டர்களில் கம்பி வலையை ஓரத்தில் ஒட்டிய பசை விட்டுப்போவதையும், வலை இழை ஒன்று தனியாக ஆடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். உன் வாடிக்கையாளர் வாங்கி வந்ததைக் கையில் எடுத்து, உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார். குத்தினால் அங்கேயே பேச்சு முடிந்தது.

சரி, பிக்கப்புக்கு வருவோம். இன்றைய டர்போ வண்டியில் எவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர். காற்று கொஞ்சம் தாராளமாக வந்தால் அது வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து, பழைய அளவிலேயே நிறுத்திவிடும். கம்ப்யூட்டரின் மேப்பை மாற்றாத வண்டியில் பில்டர் மட்டும் மாற்றி வருகிற லாபம் கையில் தெரியாது. காதில் தெரியும். டர்போ உறிஞ்சும் 'உஸ்ஸ்' சத்தம் பெட்டிக்குள் அடங்கி இருந்தது, இப்போது வெளியே வரும். அந்தச் சத்தத்தைத்தான் பையன்கள் வேகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த வயதில் அப்படித்தான்.

நஷ்டமும் உண்டு. கம்பெனிப் பெட்டி முன் கிரில் பக்கமிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கிறது. திறந்த கோன், டர்போவின் சூட்டில் வெந்த பானெட் காற்றை இழுக்கும். காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். சித்திரை மாதம் அவிநாசி ரோடு சிக்னலில் நிற்கிறபோது எத்தனை பத்து டிகிரி என்று நீயே யோசி. செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓடுகிற வண்டிகளில் திறந்த பில்டர் இருக்கிறதே என்பான் பையன். அந்த எஞ்சின்களை அடிக்கடி பிரித்து ரிங் மாற்றுகிறார்கள், இவன் வண்டி தவணை முடியும்வரையாவது ஓட வேண்டும்.

அடுத்தது வடிகட்டும் பொருள். கடைக்காரன் "99 சதவீதம், 97 சதவீதம், ரெண்டும் ஒண்ணுதான்" என்பான். அதைத் திருப்பிப் போட்டுப் படி. 100 கிராம் தூசி வந்தால் ஒன்று 1 கிராமை விடுகிறது, மற்றது 3 கிராமை விடுகிறது. மூன்று மடங்கு. நல்ல காகிதமும் நல்ல சிந்தெடிக் துணியும் 99-க்கு மேல் நிற்கும். எண்ணெய் தடவிய பருத்தி பில்டர்கள் பலதும் அதற்குக் கீழேதான், காற்றைத் தாராளமாக விடுவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டவை. ஐ.எஸ்.ஓ. 5011 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அந்த முறையில் வந்த எண்ணா, எந்த வகைத் தூசி என்று கேள். பதில் சொல்லாத கம்பெனியின் அட்டைப்பெட்டியில் என்ன எண் போட்டிருந்தாலும் அது வெறும் அச்சு.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. புதுப் பில்டரைவிட லேசாக அழுக்கான பில்டர் நன்றாகப் பிடிக்கும். படிந்த தூசியே அடுத்த தூசிக்கு வலையாகிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் காகிதத்தை எடுத்து ஏர் அடித்து 'சுத்தம்' செய்வது நல்ல பழக்கம் என்று நினைக்காதே. கம்பிரஸர் ஏரில் காகிதம் கிழிவது கண்ணுக்குத் தெரியாது. அதோடு, ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும் சுத்தமான பக்கத்தில் கொஞ்சம் தூசி கொட்டும். ஆனால் அடைத்துப்போன பில்டரையும் விட்டுவைக்கக் கூடாது. முன்னால் உறிஞ்சல் கூடினால் அதே பூஸ்ட்டுக்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும், சீல் வழியாக ஆயிலையும் இழுக்கும். கிரஷர் ரோட்டில் ஓடுகிற வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடு.

எண்ணெய் பில்டரே கெட்டது என்று நான் சொல்லவில்லை. நம் டிராக்டர்களில் எண்ணெய்த் தொட்டி பில்டர்தான் காலம் காலமாக உழைத்தது. எண்ணெய் தடவிய பருத்தி பில்டரில் சிக்கல், அதைக் கழுவிய பிறகு வருகிறது. ஆசைக்கு எண்ணெயை ஊற்றி உடனே மாட்டினால், மிச்சம் காற்றோடு போய் ஏர் ஃப்ளோ சென்சாரின் சூட்டுக் கம்பியில் படியும். அளவு தப்பும், செக் லைட் எரியும். முதலில் அந்த வண்டியில் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறதா, வெறும் பிரஷர் சென்சாரா என்று பார்த்துக்கொள்.

பாதி நேரம் எண்ணெய்மேல் வீண் பழி. குற்றவாளி கோன் பில்டர் கிட்டோடு வந்த பைப். சென்சார் அளப்பது பைப்பின் நடுவில் ஓரிடத்துக் காற்றோட்டத்தை. 70 மில்லி பைப்பை எடுத்துவிட்டு 76 மில்லி போட்டால் பரப்பு 18 சதவீதம் கூடி, சென்சார்மேல் ஓடும் காற்றின் வேகம் 15 சதவீதம் குறையும். கம்ப்யூட்டர் காற்று குறைவு என்று நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். பூஸ்ட்டில் பெட்ரோல் குறைந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிட் போடுகிறவர்கள் பிரீதர் ஓஸைக் கழற்றி அதன் வாயில் ஒரு குட்டி பில்டரைச் சொருகிவிடுவதும் உண்டு. ஆயில் ஆவி பானெட்டுக்குள் நாறும். அதைச் செய்யாதே.

இவ்வளவு சொன்னாலும், நான் பார்த்த தூசி தின்ற டர்போக்களில் பெரும்பாலானவை பில்டர் துணியால் கெடவில்லை, ஓரத்தால் கெட்டவை. எவ்வளவு உசத்தியான காகிதமாக இருந்தாலும் கேஸ்கெட் ஒரு மில்லி உட்காராவிட்டால் காற்று அந்தச் சந்தைத்தான் தேடும். பழைய பில்டரை எடுத்ததும் டர்போ பக்கத்து ஓஸின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடை. லேசான ஆயில் ஈரம் வரலாம், அது பிரீதரிலிருந்து வருவது. பழுப்புத் தூசி வந்தால் பில்டரைச் சுற்றி வழி இருக்கிறது. பெட்டி விளிம்பில் தூசி எங்கே கோடாக இழுத்திருக்கிறது என்று பார், அதுதான் இடம். புதுசை வாங்கும்போது பழசின்மேல் வைத்து ஒப்பிடு. ஓர ரப்பர் அதே தடிமனா, அழுத்தினால் திரும்பி எழுகிறதா, மடிப்பெல்லாம் ஒரே இடைவெளியா. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித்துளை தெரியக் கூடாது. டூப்ளிகேட் சரக்கு அட்டைப்பெட்டியில் ஏமாற்றும், ஓர ரப்பரில் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே அந்தப் பையனுக்கு, அதே பெட்டியில் உட்காரும் எண்ணெய் இல்லாத பேனல் பில்டர் ஒன்றை வாங்கிப் போடு. பெயர் தெரிந்த பில்டர் கம்பெனி எதுவானாலும் சரி, பில்லோடு வாங்கு. கழுவித் திரும்பப் போடுகிற உலர் வகை வேண்டுமென்று ஆசைப்பட்டால், சோதனை எண் போட்டது கிடைத்தால் போடலாம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். கோனை அவனிடமே திருப்பிக் கொடு, அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல்.

உன் மூன்றாவது போட்டோவில் பெட்டியின் பின்பக்கக் கிளிப் ஒன்று இல்லை, கவனித்தாயா? யாரோ கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பில்டர் எதுவானாலும் அதை முதலில் சரிசெய். அதே மாடல் பெட்டி உடைந்தது ஒன்று என் பரணில் கிடக்கிறது, கிளிப் நான்கும் நன்றாக இருக்கின்றன. நாளை சாயங்கால பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன், ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்