கோழிக்கு இடம் பார்க்கிறீர்களா? 10 குறிப்புகள்

சென்னையை அடுத்த குத்தம்பாக்கம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் பலருக்குக் கொல்லைப்புறத்தில் இன்னும் கொஞ்சம் மண்தரை மிஞ்சியிருக்கிறது. நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்க அதுவே போதும். ஆனால் எதற்கும் உதவாத பள்ளமான மூலையைத்தான் பெரும்பாலும் கோழிக்கு ஒதுக்குகிறோம். பின்னால் வரும் வாடை, ஈ, நோய் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. மேடு, நிழல், காற்றோட்டம் மூன்றும் உள்ள இடமே கோழிக்கு ஏற்றது.

1. நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் கொல்லையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த இடம் முதலில் காய்கிறது என்று பாருங்கள். முதலில் காயும் இடமே கூண்டுக்கு உரியது. புதிதாகக் குடிவந்தவர்கள், 2015, 2023 டிசம்பர் மழைகளில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பழைய குடித்தனக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. அந்த இடத்தில் ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அது களிமண் தரை. கிராவல் கொட்டி, திமிசு போட்டு, ஓரடியாவது மேடாக்கிய பிறகே கொட்டகை போட வேண்டும்.

3. கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமையட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே படும். உள்ளே வெக்கை ஏறாது. நீளமான இரு பக்கங்களிலும் கீழே ஓரடிச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை என்று விட்டால் காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறும்.

4. நமக்குப் பெருமழை கொண்டுவருவது வடகிழக்குப் பருவக்காற்று. வடக்கிலும் கிழக்கிலும் சாரல் அடிக்கும். வடக்குப் பக்கம் கூரையை மூன்றடி வெளியே நீட்டி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தார்ப்பாய் கட்டி, மழை விட்டதும் சுருட்டி வையுங்கள்.

5. மே மாத நடுப்பகலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பை விட்டு விரித்து நின்றால் நிழல் போதவில்லை என்று பொருள். வேம்பு, புங்கை, கொய்யா நிழல் நல்லது. முருங்கைக் கிளை புயல் காற்றில் எளிதில் முறியும். அதன் அடியில் கூண்டு வேண்டாம். அரளி நச்சுச் செடி என்பதால் அதன் பக்கத்தில் கோழியை மேயவிடாதீர்கள்.

6. ஒரு கோழிக்குக் கொட்டகைக்குள் 2 சதுர அடி, வெளியே மேய 10 சதுர அடியாவது வேண்டும். ஆறு கோழிக்கு 12 சதுர அடிக் கொட்டகையும் 60 சதுர அடி மேய்ச்சலும் ஆகும். மேய்ச்சல் இடத்தை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுங்கள். புல் மறுபடி துளிர்க்கும். குடற்புழுத் தொல்லையும் மட்டுப்படும்.

7. புதர், விறகுக் குவியல், செங்கல் அடுக்கு ஆகியவற்றின் ஓரம் கூடாது. கீரியும் பாம்பும் அங்கேதான் பதுங்கும். அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் வலையை ஓரடி மண்ணுக்குள் புதைத்து நிறுத்துங்கள். பருந்துக்கும் காக்கைக்கும் குஞ்சுகள் தப்ப மேலேயும் வலை வேண்டும்.

8. ஆடியில் மேல்காற்று, ஐப்பசியில் வாடைக்காற்று, கோடை மாலையில் கடற்காற்று என்று இங்கே காற்று மாறிக்கொண்டே இருக்கும். எந்த மூலையில் வைத்தாலும் ஈரமான கூளத்தின் நாற்றம் யாராவது ஒருவர் ஜன்னலை எட்டும். உமியோ தேங்காய் நார்க்கழிவோ மூன்று அங்குலம் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கி, கையை விரியுங்கள். உதிர்ந்தால் சரி, கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், மாற்றிவிடுங்கள்.

9. கொட்டகை கழுவும் தண்ணீர் போர்வெல் பக்கமோ சம்ப் பக்கமோ ஓடக்கூடாது. சரிவு வாழைக்கோ தென்னைக்கோ போகும்படி அமையட்டும். படுக்கையறையிலிருந்து தள்ளியும், இரவில் கோழி கத்தினால் காது கேட்கும் தூரத்திலும் இருந்தால் நல்லது.

10. புதிதாக வாங்கும் கோழியையும் நோய்ப்பட்ட கோழியையும் தனியே வைக்க ஒரு சிறு மூலை விட்டுவையுங்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூட்டமே போய்விடும். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் தடுப்பூசி முகாமைத் தவற விடாதீர்கள். இனம், தீவனம் பற்றிச் சந்தேகம் இருந்தால் மாதவரம் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம்.

கம்பி வலை வாங்கும் முன், அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குஞ்சு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். இடத்தை மட்டும் ஒரு மழையும் ஒரு வெயிலும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.