உயிர் முன்னர், வழக்குப் பின்னர்

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்திற்கு உறுப்புக்கள் நான்கெனக் கணக்கிடுவர். பிணியுற்றவன், பிணி தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. இந்நான்கினோடு ஐந்தாவதாகச் சட்டமும் இக்காலத்தே நோயாளியின் கட்டிலருகில் வந்து நிற்கின்றது. அது துணையாய் நிற்பதோ, தடையாய் நிற்பதோ என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஞானசம்பந்தர் பாடல்பெற்ற மாகாளத் திருக்கோயிலையுடைய இரும்பையினின்று கடற்கரையை ஒட்டி வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் தோன்றும். அப்பகுதியிலுள்ள எக்கியார்குப்பம் மீனவர் வாழும் சிற்றூர். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே கள்ளச்சாராயம் பருகியோர் பலர் நோயுற்றனர். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் புதுச்சேரி மருத்துவமனைகளிலும் சேர்க்கப்பட்டும், விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர் உயிர் நீத்தனர். அவர்கள் பருகியது ஆலைத் தொழிலுக்குரிய மெத்தனால் என்னும் நஞ்சென்பது பின்னர்த் தெளிவாயிற்று. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அந்நஞ்சே 60க்கும் மேற்பட்டோரை மாய்த்தது.

மெத்தனாலின் இயல்பை அறிந்தாலன்றி இங்குள்ள அறச்சிக்கல் விளங்காது. பருகியவுடன் அது தன் கொடுமையைக் காட்டுவதில்லை. கல்லீரல் அதனைச் சிறிது சிறிதாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகின்றது. அவ்வமிலம் குருதியைப் புளிக்கச் செய்து கண்ணின் நரம்பையும் கெடுக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழிந்த பின்னரே வயிற்றுவலியும் வாந்தியும் பார்வை மங்கலும் தோன்றும். மாற்று மருந்தும், குருதியைத் தூய்மை செய்யும் டயாலிசிஸ் முறையும் உண்டு. ஆயினும் அவை காலந்தாழ்த்தாது வந்தவர்க்கே பெரிதும் பயன்படும். கள்ளச்சாராயம் குடித்தல் சட்டப்படி குற்றம். 'மருத்துவமனைக்குச் சென்றால் காவலர் வருவரே' என்று ஒருவன் அஞ்சி வீட்டிற்குள்ளேயே கிடப்பானாயின், நஞ்சோடு அச்சமும் சேர்ந்து அவனைக் கொல்லும்.

மருத்துவர்க்கும் அச்சம் உண்டு. 'இது காவல்துறை வழக்கு, நாம் தொடலாமோ?' என்று தயங்கி, அடிபட்டோரை வேறிடத்திற்கு அனுப்பும் வழக்கம் முன்னாளில் இருந்தது. வாகனம் மோதிய ஒருவரை, இத்தகைய வழக்குகளை ஏற்கும் உரிமை பெற்ற மருத்துவமனை 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதென்று சொல்லி அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார் என்னும் செய்தி உச்சநீதிமன்றத்தின் முன் சென்றது. பரமானந்த் கட்டாரா வழக்கு எனப்படும் அதில், 1989ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்புக் கூறப்பட்டது. அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிரைக் காத்தலே முதற்கடன். வந்தவர் குற்றமற்றவரோ குற்றவாளியோ என்பது அப்பொழுது கேள்வியன்று. இக்கடமையை எந்தச் சட்டநடைமுறையும் தாழ்த்துதல் ஆகாது என்பதே அதன் சாரம். மருத்துவரை விசாரணையின் பெயரால் வீணே அலைக்கழித்தல் கூடாதென்றும் நீதிமன்றம் அறிவுறுத்தியது.

அங்ஙனமாயின் காவலர்க்கு அறிவித்தல் வேண்டாவோ எனின், வேண்டும். நஞ்சுண்டவர் வந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதிக் காவல் நிலையத்திற்குத் தெரிவித்தல் முறை. ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருத்தல் ஆகாது. நோயாளியின் மறைபொருளைக் காக்க வேண்டுமென 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறி ஒழுங்குமுறைகள் விதிக்கின்றன. பிறர் உயிர்க்குப் பேரிடர் நேருமிடத்தும், நீதிமன்றம் ஆணையிடுமிடத்தும், அறிவித்தற்குரிய நோய்களிலும் விலக்கும் அளிக்கின்றன. கள்ளச்சாராயத்தில் இவ்விலக்கின் பொருள் நன்கு விளங்கும். 'எங்கே வாங்கினாய்? உன்னோடு குடித்தவர் யாவர்?' என்னும் இரு வினாக்களுக்கும் நோயாளி விடையளிப்பானாயின், இன்னும் நோய் தோன்றாத பலரை வீட்டினின்று அழைத்து வந்து காக்கலாம். எஞ்சிய நஞ்சையும் கைப்பற்றலாம்.

ஆனால் அவன் அவ்விடையை யாரிடம் கூறுவான்? தன்னை இகழாது தொட்டுப் பார்த்து, கையில் ஊசியேற்றி, ஆறுதல் சொன்னவரிடமே கூறுவான். ஆகவே உயிரை முன்னும் வழக்கைப் பின்னும் வைக்கும் முறை அன்பிற்கு மட்டுமன்றிச் சட்டத்திற்கும் நன்மை பயப்பது. வரிசை மாறினால் உயிரும் போம்; உண்மையும் மறையும்.

மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர்களும், சட்டம் பயிலச் செல்வோரும் இதனை உளங்கொள்வாராக. எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட சமாரியன், அவன் யார், எக்குலத்தான் என வினவினானல்லன். முதலில் காயத்தைக் கட்டினான். உப்பளக் கரையினின்று நள்ளிரவில் தள்ளாடி வரும் ஏழைத் தொழிலாளிக்கு நம் மருத்துவமனைக் கதவு திறக்கும்பொழுது, அவன் முதலிற் காணத்தக்கது கட்டிலேயன்றிக் கூண்டன்று.