எதிர்ப்புச் சக்தி கூடினால் புற்றுநோய் வராதா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ரொம்ப நாளாக வயிற்று எரிச்சல். எண்டோஸ்கோப்பி செய்ததில் எச். பைலோரி கிருமி இருக்கிறது என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். விட்டுவைத்தால் புற்றுநோய்வரை போகலாமாம். சித்தப்பாவோ பிரிக்பீல்ட்ஸில் எதிர்ப்புச் சக்திப் பொடி வாங்கி வந்து, “இதுவே போதும்” என்கிறார். எதிர்ப்புச் சக்தி கூடினால் புற்றுநோய் அண்டாதுதானே, டாக்டர்?
– வாசகி, கிள்ளான்

பதில்: சித்தப்பாவின் அக்கறை சரி, கணக்குத்தான் தவறு. எச். பைலோரி விஷயத்தில் இரைப்பையைக் கெடுப்பது பாதி கிருமி, பாதி அதை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டை.

பிறவியிலேயே நமக்கு வாய்த்த காவல் புரதங்களில் ஒன்று நோட்1. இரைப்பைச் செல்லுக்குள்ளேயே இருக்கும். வீரியமான கிருமி வகைகள் ஊசி போன்ற குழாயால் செல்லைக் குத்தித் தம் சுவர்த் துணுக்குகளை உள்ளே செலுத்தும். நோட்1 அதை மோப்பம் பிடித்ததும் வெள்ளணுக்கள் திரண்டு வரும். ஆனால் கிருமி சளிப் படலத்தில் பதுங்கிக்கொள்ளும், சாகாது. சண்டை பல பத்தாண்டுகள் நீளும். வெள்ளணுக்கள் கக்கும் ரசாயனங்கள் நம் செல்களின் டிஎன்ஏவையே சிதைக்கும். செத்த செல்லுக்கு ஈடாகப் புதியவை அவசரமாகப் பெருகும்போது அந்தப் பழுதும் சேர்ந்தே பெருகும்.

இன்டர்லியூக்கின்-1 பீட்டா இன்னொரு புரதம். அழற்சியைக் கிளப்புவதோடு அமிலச் சுரப்பையும் அடக்கும். அமிலம் குறைந்தால் கிருமி மேல் இரைப்பைக்கும் பரவும். இந்தப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கவைப்பதாகக் கருதப்படும் மரபணு வகை உள்ளவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் அபாயம் அதிகம் என்று 2000இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பொடி விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

நம் நாட்டிலேயே ஒரு புதிர் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியான் லீ, பராசக்தி போன்றோரின் ஆய்வுகளில் இந்தியர்களிடம் இந்தக் கிருமி அதிகம், மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. இரைப்பைப் புற்றுநோயோ சீனர்களிடம்தான் அதிகம். கிருமியின் வகை, உணவு, மரபு எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. அதனால் பயந்து நடுங்க வேண்டாம். கிருமி உள்ள பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. அதற்காக ‘நமக்கு வராது’ என்று இருந்துவிடவும் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994லேயே இதைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது.

எழுதிக்கொடுத்த மாத்திரைகளை அப்பா ஒரு வேளையும் விடாமல் முடிக்கட்டும். எரிச்சல் அடங்கிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு மசியாமல் போகலாம். முடித்து நான்கு வாரமாவது கழித்து மூச்சுப் பரிசோதனை செய்து கிருமி ஒழிந்ததை உறுதிசெய்யுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. பொடியைத் திறக்க வேண்டாம்.