மூச்சும் ஆட்டமும்: பாடிப் போகிறவருக்கும் அடுப்படியில் நிற்பவருக்கும்



பொங்கல் வந்தால் நம் கிராமங்களில் சடுகுடுப் போட்டியும் கூடவே வந்துவிடும். மண்ணைக் கொத்தி நிரவி, சுண்ணாம்புக் கோடு போட்டு, விளக்கு கட்டி ராத்திரி பூராவும் ஆடுவார்கள். நீங்கள் யார் புள்ளி எடுக்கிறார் என்று பார்ப்பீர்கள். நான் பார்ப்பது வேறு. பாடிப் போய்த் திரும்பி வந்தவருக்கு மூச்சு அடங்க எத்தனை நேரம் ஆகிறது என்று பார்ப்பேன். முப்பது வருடமாகச் சுகாதாரக் கல்வி சொல்லித் திரிகிறவனுக்கு வேறு எதில் கண் போகும்?

2023-ஆம் வருடம் தை மாதம் ஒரு தம்பி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்தார். வயது இருபத்தாறு. சுற்று வட்டாரத்தில் பாடிப் போவதில் பேர் வாங்கியவர். "சார், முதல் பாதி ஆட்டத்துல ஒண்ணும் தெரியல. ரெண்டாம் பாதியில தம் நிக்க மாட்டேங்குது. பிடியில மாட்டினா இழுத்துட்டு வர முடியல. மூச்சுக்கு நல்ல டானிக்கா எழுதிக் குடுங்க" என்றார். ஏற்கெனவே ஒரு மருந்துக் கடையில் 'தெம்பு டானிக்' என்று இரண்டு பாட்டில் வாங்கிக் குடித்திருக்கிறார். இனிப்பாக இருந்ததாம், அவ்வளவுதான். அவருடைய மனைவி பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் தமக்காக எதுவும் கேட்க வரவில்லை.

டானிக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூச்சு என்பது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 16 தடவை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு தடவையும் சுமார் அரை லிட்டர் காற்று. ஆக நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர். அதே ஆள் உயிரைக் கொடுத்து ஓடும்போது நிமிடத்துக்கு 100 லிட்டர் வரைக்கும், நல்ல பயிற்சி உள்ளவர் அதற்கு மேலேயும் இழுத்து விடுகிறார். உள்ளே போன காற்று மூச்சுக்குழல் வழியாகக் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றறைகளுக்குப் போய்ச் சேருகிறது. அந்த அறைகளை எல்லாம் பிரித்து விரித்துப் போட்டால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும். ஆண்கள் ஆடும் சடுகுடுக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் ஒரு கட்சியின் பாதிக் களம் 65 சதுர மீட்டர். அவ்வளவு பெரிய இடத்தை மடித்துச் சுருட்டி நெஞ்சுக்குள் வைத்திருக்கிறோம். அங்கேதான் பிராணவாயு ரத்தத்தில் ஏறுகிறது, கரியமில வாயு இறங்குகிறது.

இப்போது ஒரு கணக்கு. உள்ளே இழுக்கிற காற்று முழுதும் காற்றறைக்குப் போவதில்லை. சுமார் 150 மில்லி குழாய்களிலேயே நின்று திரும்பிவிடும். நிமிடத்துக்கு 30 தடவை, 300 மில்லி வீதம் நாய் இரைப்பது போல் இரைத்தால், மொத்தம் 9 லிட்டர் இழுத்தும் காற்றறைக்குப் போனது நாலரை லிட்டர்தான். 15 தடவை, 600 மில்லி வீதம் ஆழமாக இழுத்தால், அதே 9 லிட்டரில் ஆறே முக்கால் லிட்டர் காற்றறைக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே பாடிவிட்டு வந்ததும் மேல்மூச்சு வாங்காமல், முதலில் வாயால் நன்றாக ஊதி வெளியே விட்டு, பிறகு வயிறு முன்னே வரும்படி இழுக்க வேண்டும். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்பதில் தப்பில்லை. அது கோழைத்தனம் என்று பெரிசுகள் அதட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சடுகுடுவில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஆட்டங்களில் ஓடிக்கொண்டே மூச்சு இழுக்கலாம். இங்கே ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று பாட வேண்டும். பாட்டு என்பது வெளியே விடுகிற காற்றுதான். ஒரு பாட்டுக்கு 30 விநாடி வரை அனுமதி. அந்த நேரத்தில் புதுக் காற்று கிடையாது. தசைகள் செய்யும் வேலையால் கரியமில வாயு ரத்தத்தில் கூடிக்கொண்டே போகும். மூச்சு முட்டுகிறது என்கிறோமே, அது பெரும்பாலும் பிராணவாயு தீர்ந்து போனதால் வருவதல்ல. கரியமில வாயு கூடிப் போனதை மூளை கண்டுபிடித்து, "இழு, இழு" என்று விரட்டுவதால் வருவது.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கிணற்றிலும் கண்மாயிலும் பையன்கள் யார் அதிக நேரம் முங்கிக் கிடப்பது என்று போட்டி போடுகிறார்கள். முங்குவதற்கு முன் பத்து இருபது தடவை வேக வேகமாக மூச்சு விட்டால் அதிக நேரம் தாங்கலாம் என்று ஒருவனுக்கொருவன் சொல்லிக் கொடுக்கிறான். அப்படிச் செய்தால் கரியமில வாயு குறைந்துவிடும். 'இழு' என்று விரட்டுகிற மணி அடிக்காது. அதற்குள் பிராணவாயு தீர்ந்து, தண்ணீருக்கு அடியிலேயே நினைவு தப்பிவிடும். சத்தம் போடாமல் மூழ்கிப் போவார்கள். நீச்சல் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கும் இது நடக்கும். உங்கள் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

சரி, அந்தத் தம்பிக்கு வருவோம்.

நுரையீரல் பெரிசாக இருந்தால் தம் கூடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வளர்ந்த ஆளுக்கு எந்தப் பயிற்சியாலும் நுரையீரல் பெரிசாக வளர்ந்துவிடாது. நோய் இல்லாத நுரையீரல் நமக்குத் தேவையானதற்கு மேலேயே காற்றைத் தருகிறது. ஏறிய பிராணவாயுவைச் சுமந்து போகும் ரத்தமும், அதை விரட்டி அனுப்பும் இருதயமும், வாங்கிப் பயன்படுத்தும் தசையும்தான் ஆட்டத்தை முடிவு செய்கின்றன. பயிற்சியால் பலப்படுவது இந்த மூன்றும். மூச்சு இழுக்கும் தசைகளும் கூடவே பலப்படும்.

ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருள். 1 கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி பிராணவாயுவைச் சுமக்கும். அந்தத் தம்பிக்கு 13.6 கிராம் இருந்தது. குறைவில்லை. அப்புறம் ஏன் தம் நிற்கவில்லை? பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. நாளைக்கு ஒரு கட்டு பீடி. போட்டி அன்றைக்குப் பதற்றத்தில் கூட நாலைந்து. இடைவேளையில் ஒன்று.

பீடிப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு இருக்கிறது. ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதில் அது பிராணவாயுவை விட 200 மடங்குக்கு மேல் பலசாலி. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி, அது முதலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிராணவாயுவுக்கு இடம் இல்லை. போதாததற்குப் புகை மூச்சுக்குழல்களைச் சுருக்கி, சளியைக் கட்ட வைக்கிறது. இடைவேளையில் பீடி பிடித்துவிட்டு இரண்டாம் பாதி ஆட்டத்துக்கு இறங்கினால் தம் எப்படி நிற்கும்?

ஒரு நல்ல சேதி. ரத்தத்தில் ஏறிய அந்த விஷ வாயு, பீடி தொடாமல் இருந்தால் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியாகக் குறையும். ஒரு பகல் ஒரு ராத்திரியில் பெரும்பகுதி போய்விடும். குழல்கள் சீராக வாரங்கள், மாதங்கள் ஆகும். போட்டிக்கு மட்டும் விட்டால் போதுமா என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: ஒரு நாள் விட்டுப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் சொல்லி, இரண்டு பேரையும் வராந்தாவில் மூன்று தடவை விறுவிறுவென்று நடக்கச் சொன்னேன். "நானுமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டார். "நீயுந்தாம்மா. புள்ளைய நர்ஸம்மாகிட்ட குடு" என்றேன். நடந்து வந்ததும் எண்ணினேன். கணவருக்கு நிமிடத்துக்கு 24 மூச்சு. மனைவிக்கு 34. உதடு வெளுத்திருந்தது. "எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டதற்கு, "தண்ணிக் குடம் தூக்கினா அப்படித்தான் சார் இருக்கும். எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்றார்.

ஹீமோகுளோபின் பார்த்தோம். 8.2 கிராம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். கணவரின் ரத்தம் 100 மில்லியில் சுமார் 18 மில்லி பிராணவாயு சுமக்கிறது. மனைவியின் ரத்தம் 11 மில்லிதான். ஓட்டப் பந்தயக்காரர்கள் ஒருவர் கதையைச் சொன்னால் இது விளங்கும். 1968-இல் மெக்சிகோ நகரத்தில் ஒலிம்பிக் நடந்தது. அது கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், நம் ஊட்டி உயரம்தான். அங்கே காற்று ஏறக்குறைய கால் பங்கு லேசு. 10,000 மீட்டரில் அப்போது உலக சாதனை வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க், கடைசிச் சுற்றுகளில் தள்ளாடி, ஆறாவதாக வந்து நினைவிழந்து விழுந்தார். ஜெயித்தவர் கென்யாவின் மேட்டு நிலத்தில் வளர்ந்த நஃப்தாலி டெமு. அவ்வளவு பெரிய வீரரையே பிராணவாயுப் பஞ்சம் சாய்த்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவர் சமவெளியில், வீட்டு வாசலிலேயே, அந்த மாதிரிப் பந்தயத்தை அன்றாடம் ஓடிக்கொண்டிருந்தார். புள்ளி போடுவாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை.

விறகு அடுப்பு வேறு. பீடியில் இருக்கிற அதே விஷ வாயு விறகுப் புகையிலும் உண்டு. காலை இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், ஜன்னல் இல்லாத அடுப்படி. குழந்தையும் பக்கத்திலேயே. குழந்தைக்கு மூக்கொழுகலும் இருமலும் விட்டபாடில்லை என்றார்கள். பிள்ளைகளின் நுரையீரல் பிறந்த பிறகும் இருபது வயது வாக்கில் வரை வளர்கிறது. அந்த வளர்ச்சியைப் புகை தடுத்தால், பிறகு ஈடு கட்டுவது கஷ்டம். அப்பாவின் ஆட்டத்தைப் பார்த்து நாளைக்கு அந்தப் பிள்ளையும் களத்தில் இறங்க வேண்டாமா?

என்ன செய்யச் சொன்னோம் என்றால்: மருத்துவ அலுவலர் எழுதிய இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். காபி, தேநீரோடு சேர்த்து அல்ல. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஏதாவது ஒன்றோடு. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடலாம், நிறுத்தக் கூடாது. முருங்கைக் கீரை, கேழ்வரகு, முட்டை, கிடைத்தால் ஈரல். அடுப்பைப் பொறுத்தவரை, காலைச் சமையலையாவது கேஸில் செய்வது. விறகு என்றால் காய்ந்த விறகு, வெளித் திண்ணையில் அடுப்பு, குழந்தை தள்ளி இருக்க வேண்டும். "பீடிக்குப் போற காசு சிலிண்டருக்குப் போகட்டும் தம்பி" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மனைவி மட்டும் சிரித்தார்.

அடுத்த குழந்தையைப் பற்றியும் பேசினோம். கர்ப்ப காலத்தில் ஒவ்வொரு மூச்சின் அளவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. மாதம் ஏற ஏற உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது. இரண்டு உயிருக்கு ஒரே ரத்தம் சுமக்கிறது. 8 கிராம் ரத்தத்தை வைத்துக்கொண்டு இன்னொரு கர்ப்பம் தாங்குவது தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. ஒரு பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம் கழித்தே அடுத்த கர்ப்பம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். காப்பர்-டி நல்ல முறைதான். ஆனால் சிலருக்கு மாதவிடாய்ப் போக்கு கூடும் என்பதால், ரத்தம் இவ்வளவு குறைந்திருக்கும்போது மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே போட வேண்டும். நிரோத் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. அவர்கள் இரண்டு பேரும் கலந்து பேசி ஊசியைத் தேர்ந்தெடுத்தார்கள். கலந்து பேசினார்கள் என்பதுதான் எனக்குச் சந்தோஷம்.

இளைப்பு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடிய ஐந்து பத்து நிமிடத்தில் நெஞ்சில் விசில் சத்தம், இருமல், இறுக்கம் வந்தால் அது வெறும் களைப்பல்ல. அதற்கு உறிஞ்சு மருந்து இருக்கிறது. அது பழக்கமாகிவிடும் என்று சொல்வது தவறு. இங்கிலாந்தின் பவுலா ராட்க்ளிஃப் சிறு வயது முதல் இளைப்பு உள்ளவர். அவர் 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். 2007 ஜனவரியில் பெண் குழந்தை பெற்று, அதே வருடம் நவம்பரில் நியூயார்க் மாரத்தானையும் ஜெயித்தார். ஆகவே இளைப்பு உள்ள பெண்ணுக்கு விளையாட்டும் கிடையாது, கல்யாணமும் கிடையாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், விளையாடுகிறவராக இருந்தாலும் சரி, சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். கணவன் மனைவி இருவரும் காலையில் நிதானமாக உட்கார்ந்து, ஒரு முழு மூச்சு இழுத்து, ஒரே மூச்சில் சத்தமாக, ஒரே வேகத்தில் எண்ண வேண்டும். எதுவரை வந்தது என்று காலண்டரில் அவரவர் பெயருக்கு நேரே எழுதுங்கள். அடுத்தவரோடு ஒப்பிட வேண்டாம், போன மாதத்து உங்களோடு ஒப்பிடுங்கள். அந்தத் தம்பி வீட்டுக் காலண்டரை மூன்று மாதம் கழித்துப் பார்த்தேன். அவர் கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது. பீடி முழுக்க நிற்கவில்லை, பாதியாகியிருந்தது. மனைவியின் ஹீமோகுளோபின் 11.1. நான் போனபோது அவர் அடிகுழாயிலிருந்து வந்துகொண்டிருந்தார். குடம் கணவரின் தோளில் இருந்தது.