நாளைய உபதேசியார் யார்?



ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் தாழ்வாரத்திலே பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கு உட்காருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் நிற்பவர் பெரும்பாலும் ஒருவரே. அவர் ஒரு கன்னியராயிருக்கலாம், ஓர் ஆசிரியையாயிருக்கலாம், வயது சென்ற உபதேசியாராயிருக்கலாம். அவருக்கு மாற்றல் வந்தால், கலியாணமாகி வேற்றூர் போனால், அல்லது நோயில் விழுந்தால் அந்த வகுப்பு என்னவாகும்? பல இடங்களில் கலைந்தே போகிறது. பிள்ளைகளுக்குப் பக்தி குறைந்ததினால் அல்ல. அடுத்தவரை யாரும் தயார் செய்து வைக்காததினால்தான். ஆகையால் சிறுவர் ஞானப்பணிக்குத் தலைவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்பதை இந்தப் பாடத்தில் சிந்திப்போம்.

1. ஆண்டவர் காட்டிய வழி

சேசுநாதர் வனாந்தரத்திலே ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபோது, அப்பங்களை ஆசீர்வதித்துச் சீஷர்கள் கையில் கொடுத்தார். சனங்களுக்குப் பரிமாறினவர்கள் அவர்களே. அந்த ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும் ஒரு சிறுவனிடமிருந்து வந்தவை என்று அர்ச். அருளப்பர் நமக்கு அறிவிக்கிறார். பின்பு ஆண்டவர் எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராய் ஊர்களுக்கு அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது செவி கொடுத்துக் கேட்டுப் புத்தி சொன்னார். கடைசி இராப்போசனத்தில் அவர்களுடைய பாதங்களைக் கழுவினார்.

இதில் தலைவர்களைப் பயிற்றும் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது: வேலையைக் கையில் ஒப்புவி, திரும்பி வந்ததும் விசாரி, தலைமை என்பது ஊழியம் என்று செய்து காட்டு.

2. அர்ச். சவேரியாரின் சிறுவர்கள்

1542ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அர்ச். பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு பாஷையும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் முதலியவைகளைத் தமிழில் எழுதுவித்து மனப்பாடம் செய்தார். கையில் மணி எடுத்துத் தெருவெங்கும் அடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சேர்த்தார்.

அவர் அதோடு நிற்கவில்லை. தாம் கற்றுக்கொடுத்ததை வீட்டிலே தாய் தகப்பனுக்கும், அயலாருக்கும் கற்றுக்கொடுக்கும்படி பிள்ளைகளுக்குச் சொன்னார். வியாதிக்காரர் வீடுகளிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்தபோது, ஒருவராய் எல்லா இடத்துக்கும் போக முடியவில்லை. ஆகவே ஜெபம் தெரிந்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் சேர்த்து, நோயாளியின் அருகில் விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். ஊரை விட்டுப் போகும்போது ஜெபங்களின் பிரதி ஒன்றை அங்கே வைத்து, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளும் ஏற்படுத்தினார். 1544ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய கடிதத்தில் இவைகளை அவரே விவரிக்கிறார்.

கவனியுங்கள். பாஷை சரளமாய் வராத ஒரு குரு இத்தனை ஊர்களில் வேலை செய்ய முடிந்தது எப்படி? தாம் ஒருவரே செய்யாமல், சிறுவர் கையிலும் ஒப்புவித்ததினால் அல்லவா? அந்தச் சிறுவர்கள் பண்டிதர்கள் அல்ல. தெரிந்த கொஞ்சத்தை உண்மையாய்ச் செய்தார்கள்.

3. தூரின் நகரத்துச் சிறுவர் சங்கம்

இத்தாலி தேசத்தில் அர்ச். ஜான் போஸ்கோவின் விடுதியிலே, 1856ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி, தோமினிக் சாவியோ என்னும் பதினான்கு வயதுப் பிள்ளை தன் தோழரோடு அமலோற்பவ மாதா சங்கத்தைத் தொடங்கினான். புதிதாய் வந்த பிள்ளைகளுக்குத் துணையாயிருப்பதும், முரட்டுப் பிள்ளைகளை அன்பினால் நல்வழிக்குக் கொண்டுவருவதும் அவர்கள் ஏற்ற வேலை. மறுவருஷமே சாவியோ இறந்தான். 1954ஆம் ஆண்டில் அர்ச்சிஷ்ட பட்டம் பெற்றான். ஆனால் சங்கம் அவனோடு சாகவில்லை. 1859ஆம் ஆண்டு டிசம்பரில் சலேசிய சபை உருவானபோது, அதில் சேர்ந்தவர்களில் பலர் இந்தச் சங்கத்தில் வளர்ந்த வாலிபர்களே. அவர்களில் ஒருவரான மிக்கேல் ருவா, 1888ஆம் ஆண்டில் ஜான் போஸ்கோவுக்குப் பின் சபைத் தலைவரானார்.

4. சட்டாம்பிள்ளை வேறு, தலைவன் வேறு

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். வாத்தியார் இல்லாத வேளையில் பிரம்பு அவன் கையில் இருக்கும். அவனைக் கண்டு மற்றவர்கள் பயந்தார்கள். வாத்தியார் வந்ததும் அவனைப் பற்றிக் கோள் சொன்னார்கள். ஞானோபதேச வகுப்பில் உதவி செய்யும் வாலிபன் இப்படி ஆகிவிடலாகாது.

நல்ல தலைவனின் அடையாளங்கள் இவை. பிள்ளைகளுக்காக அவன் ஜெபிக்கிறான். ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைக்கிறான். சனிக்கிழமை இரவே பாடத்தைப் படித்து வைக்கிறான். தவறு செய்த பிள்ளையை எல்லார் முன்னும் அவமானப்படுத்தாமல் தனியே கூப்பிட்டு, ஆனால் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்திலே நின்று, புத்தி சொல்கிறான். தெரியாத கேள்விக்குப் பொய் விடை சொல்லாமல், விசாரித்து அடுத்த வாரம் சொல்கிறான்.

தெரிந்தெடுக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். நன்றாய்ப் பேசும் பிள்ளையையும், பெரிய வீட்டுப் பிள்ளையையுமே நாம் முன்னே நிறுத்துகிறோம். மழையானாலும் வகுப்புக்கு வருகிற, சொன்ன வேலையை முடிக்கிற பிள்ளை பின்வரிசையில் இருக்கக்கூடும். அவனைத் தேடுங்கள், அவளையும் தேடுங்கள்.

5. படிப்படியாகப் பயிற்சி

முதல் மாதம் ஆசிரியருக்குப் பக்கத்தில் அமர்ந்து கவனிக்கட்டும். பிறகு வருகைப் பதிவேட்டை அவனிடம் கொடுங்கள். இது அற்ப வேலை அல்ல. மூன்று வாரம் வராத பிள்ளையை ஒருவரும் தேடாவிட்டால் நாலாம் வாரமும் அது வராது. யார் வரவில்லை என்று பார்த்து, பெரியவர் ஒருவரோடு அந்த வீட்டுக்குப் போய் விசாரிப்பதே மேய்ப்பனின் முதல் பாடம். அதன்பின் ஒரு ஜெபம், ஒரு பாட்டு, பத்து நிமிஷக் கதை என்று கொடுத்து, கடைசியில் ஒரு பாடம் முழுவதையும் நடத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் ஆசிரியர் அருகே இருக்கட்டும். நடுவே புகுந்து திருத்தாமல், முடிந்தபின் பேசட்டும். முழுவதும் கற்றவன் தனக்கு இளையவன் ஒருவனைப் பழக்கட்டும். அப்போதுதான் பயிற்சி நிறைவாகும்.

ஒரு சட்டத்தை ஒருபோதும் தளர்த்தலாகாது. வகுப்பிலே எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். எவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கலாகாது. பிள்ளை பயந்து ஏதாவது சொன்னால் பெற்றோர் அதட்டாமல் கேட்டு, உடனே தக்கவரிடம் அறிவிக்க வேண்டும்.

6. பெற்றோர் கடமை

பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கும் கடமை எல்லாரிலும் முந்தித் தாய் தகப்பனுக்கே உரியது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 774ஆம் சட்டத்தில் கூறுகிறது. பாப்பரசர் 10ஆம் பத்திநாதர் 1905ஆம் ஆண்டிலேயே, ஒவ்வொரு பங்கிலும் ஞானோபதேச சபை ஏற்படுத்தி, குருக்களுக்கு உதவியாகப் பொதுநிலையினரைச் சேர்க்கும்படி கட்டளையிட்டார். பாப்பரசர் பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில் உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான ஊழியமாக ஏற்படுத்தினார்.

இப்படியிருக்க, “பரீட்சை வருகிறது, டியூஷன் இருக்கிறது, இந்த வேலையெல்லாம் உனக்கு எதற்கு?” என்று நம் பிள்ளையைத் தடுக்கலாமா? வாரத்தில் ஒரு மணி நேரம் சிறியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற பிள்ளை, தான் சொல்லிக் கொடுக்கிற விசுவாசத்தை இலகுவில் மறவாது.

வினா விடை

வினா: சிறுவர் ஞானப்பணியில் தலைவன் யார்?
விடை: தான் இல்லாதபோதும் வேலை நடக்கும்படி மற்றவர்களைத் தயார் செய்கிறவன்.

வினா: அப்படிப்பட்டவன் எப்படி உருவாகிறான்?
விடை: சிறிய, ஆனால் மெய்யான வேலை ஒன்றை நம்பி ஒப்புவிப்பதாலும், அருகிருந்து திருத்துவதாலும்.

வினா: அவனுக்கு முதலாவது வேண்டியது என்ன?
விடை: ஜெபமும் பொறுமையும்.

இந்த வாரத் தீர்மானம்

இன்றிரவு குடும்ப ஜெபத்தை நடத்தும் பொறுப்பை வீட்டிலுள்ள ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். தடுமாறினால் சிரிக்காதேயுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் மனமுள்ளவர்களின் பெயரை அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் பங்குச் சுவாமியாரிடம் கொடுங்கள். நாளைய உபதேசியார் இன்று உங்கள் வீட்டுப் பாயிலே உட்கார்ந்திருக்கலாம்.