காற்றின் திசை அறிக

குடிநீரில் உள்ள நோய்க்கிருமிகளை அழிப்பது குளோரின். அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்டு இரும்பு உருளைகளில் அடைக்கப்படும் அதுவே, கசிந்தால் கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் நஞ்சாகிறது.

பசுமஞ்சள் நிறமுடைய இவ்வாயு காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது. ஆகவே பள்ளங்களில் தேங்கும். கசிவை உணர்ந்தவர் முதலில் காற்று வீசும் திசையை அறிதல் வேண்டும். கொடியும் மரக்கிளையும் அதனைக் காட்டும். வாயு பரவும் பாதைக்குக் குறுக்காக விலகி, காற்று வரும் பக்கத்து மேட்டு நிலத்தை அடைந்து, 112 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். எரியும் கண்களைத் தூய நீரால் 15 நிமிடங்கள் கழுவுதல் வேண்டும்.

கசியும் உருளையின்மீது நீர் ஊற்றலாகாது. ஈரத்தோடு சேர்ந்த குளோரின் அமிலமாகி இரும்பை அரிக்கும், துளை பெரிதாகும். தீயணைப்பு வீரர், துளை மேற்புறம் அமையுமாறு உருளையைத் திருப்புவர். அப்போது நீர்மம் கொட்டாது. வாயு மட்டுமே வெளியேறும்.

மயங்கி வீழ்ந்தவரைக் கண்டால் நெஞ்சம் பதறும். எனினும் மூச்சுக்கருவியின்றி நெருங்கினால், மீட்கப்பட வேண்டியவர் இருவராவர்.

சொற்பொருள்
நீர்மம் – திரவம்
வீழ்ந்தவர் – விழுந்தவர்

சிந்தித்து எழுதுக
1. கசியும் உருளையின்மீது நீர் ஊற்றலாகாது. ஏன்?
2. உங்கள் பள்ளியில் காற்றின் திசையைக் காட்டுவன எவை?